கழுவெளியில் மனை வாங்குவதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் கைபேசி ஓய்வதில்லை. சென்னையில் இருக்கும் மகனிடமோ, கட்டிக்கொடுத்த மகளிடமோ "தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. ஒரு காலத்தில் நம்மவர்களுக்குச் சென்னை என்றால் பெரியமேடு தோல் மண்டி, அல்லது பல்லாவரம் நாகல்கேணி டேனரி. இன்று பிள்ளைகள் ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. வேலைக்குப் போகிறார்கள். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரி என்று குடியேறுகிறார்கள். ஷூ கம்பெனியில் சேர்த்த பணமும் வளைகுடாவில் ஈட்டிய பணமும் அங்கே மனையாகவும் அடுக்குமாடி வீடாகவும் மாறுகின்றன. அந்தப் பணம் எந்த மாதிரியான மண்ணில் இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேலே சொன்ன ஊர்களுக்கெல்லாம் நடுவே கிடப்பதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பழைய வருவாய்ப் பதிவேடுகளில் அதற்குக் கழுவெளி என்று பெயர். ஆறும் இல்லாமல், ஏரியும் இல்லாமல், கடலோரத் தாழ்வில் நீர் தேங்கி நாணலும் கோரையும் முளைத்துக் கிடக்கும் வெளிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. தாம்பரம், மாடம்பாக்கம், சேலையூர் தொடங்கி வேளச்சேரி, மடிப்பாக்கம் வரை தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றுக்கொன்று வழிந்து, கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கால்வாய் வழியாகத் தெற்கே கோவளம் முகத்துவாரத்துக்கும் நீர் போய்க் கடலில் கலக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் விழும் மழைக்கு இந்த மடுவுதான் முக்கியமான வாசல்.

வாசல் இருக்கிறதே, பெரிய கால்வாய் வெட்டிவிட்டால் நீர் ஓடிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். அரசியல் மேடைகளிலும் இதுவே பேச்சு. அந்த வாசலின் மறுபக்கத்தில் கடல் இருக்கிறது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஏறி நிற்கும் நேரத்தில் உள்ளிருந்து வரும் நீரை அது வாங்காது. புயல் காலத்தில் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளுவதால் மட்டம் இன்னும் கூடுகிறது. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வருவது வடகிழக்குப் பருவமழையின் சுபாவம். எனவே வெள்ளம் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில், எங்காவது காத்திருந்தே ஆக வேண்டும். கழுவெளி என்பது அப்படிக் காத்திருக்கும் இடம்.

பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுளை எண்ணிப் பாருங்கள். குழாயில் நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, வெளியேறும் துளையை யாரோ அடைத்துவிட்டார்கள். ஹவுள் அகலமாக இருந்தால் நீர் மெதுவாக ஏறும், அதற்குள் அடைப்பை எடுத்துவிடலாம். அதே ஹவுளில் முக்கால் பங்கை மண் போட்டு நிரப்பியிருந்தால் நொடியில் வழிந்து தொழுகை விரிப்புகளை நனைத்துவிடும். அப்போது துளையை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் அடைப்பு வெளிப்பக்கம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் சதுப்பில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஆயிரம் லோடு. 1960-களில் பள்ளிக்கரணை 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகப் பழைய நில அளவை வரைபடங்களைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று ராம்சார் நிலமாகப் பாதுகாக்கப்பட்டிருப்பது சுமார் 1,247 ஹெக்டேர். குறைத்தே மதிப்பிட்டு 3,500 ஹெக்டேர் போய்விட்டதாக வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது 1.2 டி.எம்.சி. நீருக்கான இடம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு! அவ்வளவு நீரும் 2015 டிசம்பரில் எங்கே போனது என்பதற்குப் பதில், வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் வீடுகளின் தரைத்தளத்தில் இருந்தது. அந்த டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அத்தனை மழைக்கு எந்த ஊரும் நனையத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. அப்படியிருந்தும் அதே பள்ளிக்கரணை, வேளச்சேரி தெருக்களில் மீண்டும் படகு ஓட்டினார்களே!

இந்த நிலம் எப்படிப் போனது? பெரும்பகுதி யாரும் இரவில் வந்து திருடியது அல்ல. கழுவெளி என்றால் பயிர் விளையாத, வரி வராத தரிசு என்ற எண்ணம் அரசுக் கோப்புகளிலேயே இருந்தது. நகரத்தின் குப்பையைப் பெருங்குடியில் கொட்டினார்கள். சாலை போட்டார்கள், பறக்கும் ரயில் வந்தது, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஐ.டி. கட்டடங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் வெள்ள ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி அகற்றிய ஏழைக் குடும்பங்களைக் கொண்டுபோய்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்தார்கள், அதாவது ஒரு வெள்ளத்திலிருந்து இன்னொரு வெள்ளத்துக்கு. இதில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது நிவாரணப் பொருள் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்.

காப்பாற்றும் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி மூன்றும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஈர நிலங்களைக் காக்க 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கையின் பட்டியல் அது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி வழங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த வட்டத்துக்குள் மனை பேசிக்கொண்டிருப்பவர்கள் உத்தரவின் இன்றைய நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கடலோரச் சதுப்பின் இன்னொரு வகை அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்திலும், தெற்கே முத்துப்பேட்டையிலும் நம்மில் பலர் படகில் போய்ப் பார்த்திருப்போம். உப்பு நீரில் வேரூன்றி, கிளைபோல் இறங்கும் வேர்களால் சேற்றைப் பிடித்து நிற்கும் மரங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டை வட்டாரத்தின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்துக் கணக்குப் போட்டு, அந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் சற்று மேட்டிலும் இருந்ததே பெரும் காரணம் என்றார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. மரம் நட்டுவிட்டால் சுனாமி நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்றாட அலையையும் புயல் அலையையும் அலையாத்தி தணிக்கிறது, கரை அரிப்பைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. மேலும், காடு இருக்கும் இடத்தில் வீடு இருக்காது. அதுவே பாதி பாதுகாப்பு. அந்தச் சுனாமி நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்ததை நாடே பேசியது, இங்கே நினைவுகூரத் தக்கது.

பிச்சாவரத்திலிருந்து கற்க இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து தரை கிண்ணம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறியது. புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் சிறு வாய்க்கால்கள் வெட்டி ஏற்றமும் வற்றமும் மறுபடி நடக்கும்படி செய்தார்கள். உப்பு கழுவிப்போனது, காடு திரும்பியது. நீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டால் மீதி வேலையைச் சதுப்பு தானே பார்த்துக்கொள்கிறது.

அடுத்து வெப்பமாதல். கரியமில வாயு பற்றிப் பேசினால் நமக்கு உடனே மலைக்காடுதான் நினைவுக்கு வரும். காட்டில் விழும் இலை மக்கி, அதில் இருந்த கரி பெரும்பாலும் மீண்டும் காற்றுக்கே போய்விடும். சதுப்பில் விழும் இலையும் வேரும் காற்றுப் புகாத சேற்றில் அமிழ்ந்து, அழுகாமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். பச்சைத் தோலை உப்பில் போட்டு வைத்தால் அழுகாது என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். காரணம் வேறு, ஆனால் விளைவு ஒன்றுதான்: அழுக வைக்கும் கிருமிக்கு வேலை இல்லாமல் செய்வது. (அலையாத்தி மரப்பட்டையிலும் துவர்ப்பு மிகுதி. நாம் ஆவாரம்பட்டையைக் கொண்டு செய்ததை வேறு நாட்டுக் கடற்கரைகளில் அந்தப் பட்டையைக் கொண்டு செய்தார்கள்.) இந்தோ பசிபிக் கரைகளின் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரி ஆயிரம் டன் அளவில் கரி சேர்ந்திருப்பதாகவும் அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றில்தான் என்றும் காட்டியது. எல்லா இடத்துக்கும் அதே எண் பொருந்தாது. ஆனால் சதுப்பை வெட்டிக் காயவைத்தால் பல தலைமுறை சேமிப்பு சில ஆண்டுகளில் புகையாகக் காற்றில் ஏறும் என்பது எங்கும் பொருந்தும்.

நன்னீர்ச் சதுப்பிலிருந்து மீத்தேன் என்ற வாயு வெளியாகும், அது கரியமில வாயுவைவிட வேகமாகச் சூடேற்றும் என்பதையும் மறைக்கக்கூடாது. கடல்நீர் வந்துபோகும் இடத்தில் உப்பிலுள்ள சல்பேட் அந்த மீத்தேனைப் பெரிதும் அடக்கிவிடுகிறது. கோவளத்து முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது வெள்ளத்துக்கும் நல்லது, இதற்கும் நல்லது. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்துவிட்டது, உயர்வின் வேகமும் கூடி வருகிறது. மட்டம் உயர உயர, வெள்ளத்துக்குக் கடல் வாசல் திறந்திருக்கும் நேரம் குறையும், காத்திருக்கும் இடத்தின் தேவை கூடும்.

இதெல்லாம் சென்னைக் கதை, நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் பாலாறும் கடலுக்குத்தான் போகிறது. கர்நாடகத்தில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சி, செங்கல்பட்டு கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலைத் தொடுகிறது. நாம் ஆற்றுக்குச் செய்தது அந்தக் கழிமுகம் வரை போய்ச் சேரும். சதுப்பு நிலம் அழுக்கை வடிகட்டும் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். வண்டலை வடிகட்டும், சாக்கடைச் சத்துகளைக் குறைக்கும், குரோமியத்தைச் சேற்றில் பிடித்து வைக்கும். பிடித்து வைப்பது அகற்றுவது ஆகாது, உப்பையோ அது தொடவே தொடாது. தோல் கழிவுநீர் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்ததும், அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீது நெருக்குதல் கூடியதும் நம் வீட்டுக் கதை. அதை இங்கே விரிக்கவில்லை.

வெள்ளமும் நம் வீட்டுக் கதைதான். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நினைவுத் தூண் இன்றும் ஊரில் நிற்கிறது. 2021 நவம்பரில், வறண்ட ஆறு என்று நாம் முடிவு கட்டியிருந்த பாலாறு இரு கரையும் புரண்டது. அந்த 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியலில் பேர்ணாம்பட்டில் தொடர் மழைக்கு வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது உயிர்கள் போயின. கடலோரத்தில் கழுவெளி செய்யும் வேலையை நம் பக்கத்தில் ஏரியும் தாங்கலும் ஓடைப் புறம்போக்கும் செய்கின்றன. ஏரிக்குள் பட்டா கேட்டு நிற்கும் நம் ஊர்த் தெருக்களின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை, வாசகர்களுக்கே தெரியும்.

சரி, மனை வாங்கப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருக்கின்றன என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வில்லங்கச் சான்று கடனையும் கைமாறியதையும் காட்டும், நீரைக் காட்டாது. கிராம நிர்வாக அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். கழுவெளி, ஏரி, தாங்கல், மடுவு, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விலகி வந்துவிடுங்கள். உங்கள் எண் மட்டும் போதாது, சுற்றியுள்ள எண்களையும் கிராம வரைபடத்தையும் பார்க்க வேண்டும். உட்பிரிவு செய்யும்போது பழைய பெயர் மறைந்துபோவது சாதாரணம், எனவே பழைய பதிவேட்டையும் கேளுங்கள். ரெரா பதிவு எண் இருப்பது நல்லதுதான், ஆனால் அது அந்த இடத்தில் வெள்ளம் வராது என்பதற்கான சான்று அல்ல.

தாழ்வான இடத்து மனைப் பிரிவுகளுக்கு நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும். விற்பவர் முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு மடித்துவிடுவார். நீங்கள் நிபந்தனைப் பக்கத்தைக் கேட்டுப் படியுங்கள். தரையை எத்தனை மீட்டர் மண் போட்டு உயர்த்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று இருந்தால் அந்த நிலம் எவ்வளவு பள்ளம் என்பது துறையின் வாயாலேயே வந்துவிட்டது. நீங்கள் உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் உங்கள் மனையில் நின்றிருக்க வேண்டிய நீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். சாலையை அவர்கள் உயர்த்தினால் அது மறுபடி உங்களிடமே வரும். இடத்தை நேரில் பார்ப்பதானால் சித்திரை வெயிலில் போகாதீர்கள், கார்த்திகையில் போங்கள். 2015-லும் 2023-லும் நீர் எந்த உயரம் நின்றது என்று அத்தெருவில் பத்து வருடமாக மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மேல்தளத்தில் குடியிருப்பது, மின் மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் ஆள் உயரத்துக்கு மேல் மாற்றுவது, பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையிட்டுப் பரணில் வைப்பது, கழிவுநீர்க் குழாயில் நீர் எதிர்த்து ஏறாதபடி வால்வு பொருத்துவது ஆகியவை அதிகச் செலவில்லாதவை, மழைக்கு முன்பே செய்துவிடக் கூடியவை. வீட்டில் முதியவரோ, கர்ப்பிணியோ, டயாலிசிஸ் நோயாளியோ இருந்தால், கனமழை எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கு அழைத்துப்போய்விடுங்கள். தெருவில் நீர் ஏறிய பிறகு ஆம்புலன்ஸ் உள்ளே வராது.